அம்புமுனை

பாளையங்கோட்டை, விடைத்தாள் திருத்தும் முகாம்.
மூன்றாம் கட்டில் பதினாலாவது தாள்.
பெயர் கிடையாது, பள்ளி கிடையாது,
ஒரு போலி எண் மட்டும்.
சீரான வட்ட இயக்கம், மூன்று மதிப்பெண்.

வட்டம் அத்தனை சுத்தம்,
வளையலை வைத்து வரைந்திருக்க வேண்டும்.
திசைவேகம் தொடுகோட்டில். சரி.
விசையின் அம்பு மட்டும்
மையத்துக்கு முதுகு காட்டி வெளியே பாய்கிறது.
கீழே ஒரு வரி:
காரையாறு பஸ் வளைவில் திரும்பும்போது
என்னை வெளியே தள்ளுவது இந்த விசையே.

விசையே.
கோர்ட்டில் கண்ணால் கண்ட சாட்சி
அழுத்திச் சொல்கிற ஏகாரம்.

இரண்டைக் குறைத்தேன்.
ஞானசௌந்தரி எட்டிப் பார்த்து
"என் கட்டுல இன்னைக்கு இது ஒன்பதாவது" என்றாள்.
எபினேசர் சார் கூட்டிச் சரிபார்த்துக் கையெழுத்திட்டார்.
டீ வந்தது, ஆறி.

ஐந்தரை மணி டவுன் பஸ்.
சன்னலோரம், இடப்பக்கம்.
முருகன்குறிச்சி வரை ஒன்றுமில்லை.
வண்ணாரப்பேட்டை ரவுண்டானாவில்
டிரைவர் வலப்பக்கம் ஒடித்தார்.
நாங்கள் அறுபது பேரும்
கேள்வி கேட்காமல் இடப்பக்கம் சாய்ந்தோம்.
கம்பியில் தொங்கிய தூக்குவாளி சாய்ந்தது.
புளியங்குடிச் சாக்கின் வாயிலிருந்து
ஒரு எலுமிச்சை குதித்து
தகரத் தரையில் என் செருப்பை நோக்கி உருண்டு வந்தது.

யார் தள்ளினார்கள் அதை?

இருபத்திரண்டு வருஷம் கரும்பலகையில் எழுதிய பதில்
நாக்கின் நுனியில் இருந்தது.
உடம்போ அந்தப் பிள்ளையின் பக்கம் சேர்ந்துகொண்டு
தள்ளுதே தள்ளுதே என்றது.

எலுமிச்சையைப் பார்த்தேன்.
அது எங்கேயும் திரும்பவில்லை.
போன வழியே போகப் பார்த்தது, அவ்வளவுதான்.
திரும்பியது தரை.
திரும்பியது பஸ், அதன் அத்தனை ஆணிகளோடும்.
என் தோளில் பதிந்திருந்த சன்னல் கம்பி
என்னை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது,
ரவுண்டானா நடுவிலிருந்த வாடிய புல்லை நோக்கி.
வளைவு நெடுக
என்னைத் தொட்ட விசை அது ஒன்றுதான்.
அதை நான் விசை என்றே எண்ணவில்லை.
கம்பி என்று நினைத்தேன்.

மீட்டர் முள் வேலை செய்திருந்தால்
இருபதிலேயே நின்றிருக்கும்.
வேகம் கூடவில்லை, குறையவில்லை.
ஆனாலும் முடுக்கம்.
இந்த நொடி தெற்கே பார்த்த அம்பு
அடுத்த நொடி மேற்கே சாய,
அந்தச் சாய்வுக்குக் கொடுக்கும் விலை அது.
அவசரக்காரன் இரட்டை வேகத்தில் வந்தால்
விலை நாலு மடங்கு.

இத்தனைக்கும் அந்த விசை
ஒரு வேலையும் செய்வதில்லை.
போகிற திசைக்குச் செங்குத்தாக நின்று
திருப்பிக்கொண்டே இருக்கும்.
கணக்கில் பூஜ்யம்.
முகாமில் இதைச் சொன்னால்
யாரைச் சொல்கிறேன் என்று தேடுவார்கள்.

அப்போதுதான் நினைவு வந்தது.
அந்தத் தாளில் அம்புக்கு அடியில்
ரப்பர் தேய்த்த தடம்.
சாம்பல் நிறத்தில் இன்னொரு அம்பு
மையத்தைப் பார்த்து.
முதலில் சரியாகத்தான் போட்டிருக்கிறது பிள்ளை.
பிறகு காரையாறு பஸ் ஞாபகம் வந்திருக்கும்,
கொண்டை ஊசி வளைவுகள்,
பக்கத்து சீட்டுக்காரர் மேல் போய் விழுந்தது.
புத்தகமா உடம்பா என்று பார்த்து
உடம்பை நம்பியிருக்கிறது.

அழித்த விடைக்கு மதிப்பெண் இல்லை.
விதி அப்படி. கட்டும் கட்டியாகிவிட்டது.

கொக்கிரகுளம் தாண்டிப் பாலத்தில் ஏறியதும்
பஸ் நேரானது.
கம்பி என் தோளை விட்டது.
கீழே தாமிரபரணி, பாதி மணலாய்.
எலுமிச்சை செருப்பருகே அசையாமல் கிடந்தது.
குனிந்து எடுத்துச் சாக்குக்காரியிடம் நீட்டினேன்.
"வச்சுக்கிடுங்க டீச்சர்" என்றாள்,
ஜங்ஷனில் இறங்கும் அவசரத்தில்,
என்னைப் பாராமலே.